நோக்கியா 5800: தொடுதிரை இல்லை, அமுக்குதிரை

அலமாரியை ஒதுக்கும்போது பழைய நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக் கையில் சிக்கியது. சார்ஜ் போட்டேன், அட, உயிர் இருக்கிறது! பல வருஷம் தாமதமாக ஒரு ரிவ்யூ எழுதிவிடலாம்.

2008 அக்டோபர் 2 அன்று இதை அறிவித்தார்கள். ஐபோன் கடைக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-ஐ அறிவித்து ஒன்பதே நாள். முதல் ஐபோனில் 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, வீடியோ எடுக்க வழியில்லை, காப்பி பேஸ்ட்கூட இல்லை. இதில் எல்லாமே உண்டு, பெட்டியிலேயே 8 ஜிபி மெமரி கார்டும் வந்தது. பிறகும் ஏன் ஐபோனுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றால், கையில் எடுத்து ஒரு நிமிஷம் நோண்டினால் போதும், தெரிந்துவிடும்.

முதலில் திரை. 3.2 அங்குலம், 640x360, அந்தக் காலத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் இதைத் தொட்டால் போதாது, அமுக்க வேண்டும். மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒன்று, நடுவில் சிறு இடைவெளி. அழுத்தும்போது இரண்டும் ஒட்டினால்தான் போனுக்கு உறைக்கும். அதனால் விரல் நுனியைவிட நகம் நன்றாக வேலை செய்யும், பேனா மூடியும் செய்யும். பின்பக்கம் செருகிய ஸ்டைலஸ் குச்சி போதாதென்று கிடார் மீட்டும் வில்லை மாதிரி ஒன்றும் தந்தார்கள். இரண்டு விரலால் விரித்துப் படத்தைப் பெரிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெனுவில் ஐகானை ஒரு தட்டு தட்டினால் திறக்கும், உள்ளே பட்டியலுக்குப் போனால் முதல் தட்டு தேர்வு மட்டும் செய்யும், திறக்க இன்னொரு தட்டு வேண்டும். காரணம், உள்ளே ஓடும் சிம்பியன் எஸ்60 என்ற இயங்குதளம் பட்டன் போனுக்காக வளர்ந்தது. அம்புக்குறியில் நகர்ந்து நடுப்பட்டனை அமுக்கும் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இதைக் கவிழ்த்தது திரை இல்லை, இந்தப் பழக்கம்தான்.

சிம்மை வெளியே எடுப்பது தனிக் கூத்து: பக்கவாட்டில் செருகிய சிம்மை எடுக்க, பேட்டரியைக் கழற்றி உள்ளிருந்து ஸ்டைலஸால் தள்ள வேண்டும்.

பாட்டு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. ஜி1-இல் சாதாரண ஹெட்போனைச் செருகத் துளையே கிடையாது, இதில் எந்த ஹெட்போனையும் செருகலாம். பக்கவாட்டில் இரண்டு ஸ்பீக்கர், சமையலறை வரை கேட்கிறது.

பையன் வாங்கிப் பார்த்தான், திரையை விரலால் இரண்டு தடவை தள்ளினான். "ஹேங் ஆயிடுச்சுப்பா."

"நகத்தை வச்சு அமுக்குடா."