‘ஆராய்ந்து தயாரித்தது’ என்று விற்ற டெக்கால்: ஹரிக்கேன் கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) 1944-இல் இம்பாலில் பறக்கவிட்ட ஹரிக்கேன் போர்விமானம் ஒன்றை 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜப்பானியரின் முற்றுகைக்கு நடுவே அர்ஜன் சிங் தலைமையில் இயங்கிய ஸ்குவாட்ரன் அது. அந்த ஆண்டு ஜூனில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனே வந்து அவருக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டார். அந்த விமானங்களில் ஒன்று என் மேசையில் நிற்க வேண்டும், அதுவும் சரியான எண்ணோடு, சரியான குறிகளோடு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். கிட்டோடு (மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வந்த டெக்காலில், அதாவது தண்ணீரில் நனைத்து மாதிரியின்மேல் ஒட்டும் அச்சிட்ட குறிகளில், பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் மட்டும்தான் இருந்தன. அதனால் வெளியே தேடப் போனேன்.

டெக்கால் அச்சிட்டு விற்கும் ஒருவர் கிடைத்தார். பெயரை எழுதப் போவதில்லை. ஒரு டெக்கால் தாள், நான்கு பக்கக் குறிப்பு, வண்ணப் பக்கத்தோற்றம் (விமானத்தைப் பக்கவாட்டில் வரைந்த படம்) ஒன்று, ‘இதுவரை வெளிவராத’ கறுப்பு வெள்ளைப் படங்கள் மூன்று, எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு. படங்கள் ஒரு விமானியின் குடும்ப ஆல்பத்திலிருந்து வந்தவை என்றார். வழக்கமான டெக்காலைவிடப் பல மடங்கு விலை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

நான் நம்பியதற்குக் காரணம் ரவுண்டல், அதாவது விமானத்தில் போடும் வட்டச் சின்னம். வழக்கமான பிரிட்டிஷ் ரவுண்டலில் இருப்பதுபோல் நடுவில் சிவப்பு இல்லை, இரண்டு நீலம் மட்டும். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மவர்களே நம்மவர்களைச் சுட்டுவிடக் கூடாது என்று அந்தப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். இது தெரிந்தவர் மற்றதையும் சரியாகத்தான் செய்திருப்பார் என்று நினைத்தேன். கரும்பச்சையும் மண்நிறமும் அடித்து, பளபளப்பு வார்னிஷ் போட்டு, இடப்பக்கம் முழுக்க ஒட்டியும் முடித்துவிட்டேன். இறக்கையிலும் வாலிலும் போட வேண்டிய வெள்ளைப் பட்டைகளையும் அவர் கொடுத்த படத்தைப் பார்த்தே அடித்தேன்.

அப்புறம் ஒரு இரவு, வெளியேற்றுக் குழாய்க்குப் பின்னால் புகைக்கறை எவ்வளவு நீளம் போகிறது என்று பார்ப்பதற்காக அந்த மூன்று படங்களில் பெரியதை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்தேன். விமானி அறையின் கண்ணாடி மூடியில் இரண்டு நீளமான வெள்ளைக் கோடுகள். முதலில் கீறல் என்று நினைத்தேன். கீறல் இல்லை. இரண்டும் இணையாக, ஒரே இடைவெளியில், கண்ணாடியின் வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடின. கூரையில் மாட்டிய குழல் விளக்குகளின் பிரதிபலிப்பு! படத்தின் அடியில் எழுதியிருந்ததோ ‘இம்பால் ஓடுதளம், ஏப்ரல் 1944’. கீழே பார்த்தேன். சக்கரத்தின் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய நிழல், ஒரு தூண், அதிலிருந்து தொய்ந்து போகும் கயிறு. தூணையும் கயிற்றையும் வெட்டி எடுத்தவர் நிழலை மறந்துவிட்டார். அது ஏதோ அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம். இந்தக் காலத்தில் எடுத்த வண்ணப் படத்தின் நிறத்தை உறிஞ்சி, கொஞ்சம் கறையும் மடிப்பும் சேர்த்திருக்கிறார்கள்.

அன்று இரவு தூங்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தேன்.

குறிப்பில் ஹரிக்கேனின் மார்க் 2சி வகை என்று இருக்கிறது. 2சி என்றால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. பீரங்கிக் குழல்கள் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். படத்தில் அந்த முன்விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது, இயந்திரத் துப்பாக்கிகளுக்கான சிறு துளைகள் மட்டும். அது 2பி. ஒரே தொகுப்புக்குள்ளேயே எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது.

அந்த வெள்ளைப் பட்டைகள் 1945 தொடக்கத்தில் வந்தவை. 1944 ஏப்ரல் விமானத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. குறிப்பின் தலைப்பிலேயே ‘ராயல் இந்திய விமானப்படை’ என்று போட்டிருக்கிறார். ‘ராயல்’ என்ற அடைமொழி 1945 மார்ச்சில்தான் கொடுக்கப்பட்டது. இந்த இரண்டையும் நான் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க முடியும், ஏனென்றால் விற்பனைப் படத்திலேயே இரண்டும் தெரிகின்றன.

சீரியல் எண்ணை, அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக உள்ள எண்ணை, சரிபார்க்க அளவுகோல் போதும். அந்த எழுத்துகளின் உயரம் நிஜத்தில் 8 அங்குலம். 1/48-இல் அது 4.2 மி.மீ. இவர் தாளில் 6 மி.மீ. எண்ணும் பொய். அக்காலப் பிரிட்டிஷ் விமான எண்கள் விட்டுவிட்டு ஓடும். எத்தனை விமானம் செய்கிறோம் என்று எதிரி கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இடையில் எண்களை ஒதுக்காமல் விட்டார்கள். இவர் கொடுத்த எண் அப்படி விட்ட இடைவெளிக்குள் விழுகிறது. அந்த எண்ணில் ஒரு விமானமும் இருந்ததில்லை. அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் தேடி வருகிற யாராவது அதையே ஆதாரமாக எடுத்துப் போவார்கள்.

டெக்காலின் தரமும் மோசம். வெள்ளை அடியில் இருக்கும் பச்சையை மறைக்கவில்லை, இரண்டு ரவுண்டல்கள் தண்ணீரிலேயே உடைந்தன.

விற்றவருக்கு எல்லாவற்றையும் படத்தோடு எழுதினேன். முதல் பதில், “இது ஓவியரின் கற்பனை சார்ந்தது” என்று. அப்படியானால் ‘ஆராய்ந்து தயாரித்தது’ என்று ஏன் விற்றீர்கள், குடும்ப ஆல்பம் எங்கே என்று கேட்டேன். தாளை வெட்டிவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். முற்றுகைக்குள் அந்த இயந்திரங்களில் ஏறிப் பறந்தவர்கள் நிஜ மனிதர்கள். அவர்கள் உட்கார்ந்த விமானத்துக்கு ஒரு எண் இருந்தது. அந்த இடத்தில் ஒரு பொய் எண்ணை வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

ஆகவே இப்படி ஏதாவது வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் குறிகள் எந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தவை, அதை ஓரம் வெட்டாமல் காட்ட முடியுமா? வண்ணப் பக்கத்தோற்றத்தை மட்டும் நீட்டினால் வாங்க வேண்டாம். அது இன்னொருவர் வரைந்தது, சாட்சி ஆகாது. அருங்காட்சியக விமானமும் அப்படித்தான், அதன்மேல் இருப்பது பிற்காலத்தில் யாரோ தீர்மானித்து அடித்த வண்ணமாக இருக்கலாம். எண்ணுக்கு ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் படிவம் 541 என்று ஒன்று உண்டு, எந்த நாள் எந்த விமானி எந்த எண்ணுள்ள விமானத்தில் போனார் என்று வரிவரியாக இருக்கும். புகைப்படத்தில் எண் தெரியாமல், ஸ்குவாட்ரன் விமானத்துக்குக் கொடுத்த அடையாள எழுத்து மட்டும் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். விமானம் விழுந்தால் அதே எழுத்தை அடுத்த விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இடப்பக்க டெக்காலை ஒட்டுநாடா வைத்து உரித்துவிட்டேன். வெள்ளைப் பட்டைகளைத் தேய்த்தபோது வால் பக்கம் கொஞ்சம் பிளாஸ்டிக் வரை போய்விட்டது, அதைத் திரும்ப அடித்தாகிவிட்டது. இப்போது கரும்பச்சையும் மண்நிறமுமாக, எழுத்தும் எண்ணும் இல்லாமல் நிற்கிறது. 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரையிலான படிவம் 541 பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஸ்குவாட்ரன் ஹரிக்கேனின் ஓரம் வெட்டாத புகைப்படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வால் பக்கம் மட்டும் தெரிந்தாலும் போதும்.