ஒரே வார இறுதியில் ஆறு அழைப்புகள்: எதற்குப் போவது, எதை விடுவது?

மாதக்கணக்கில் அக்கம்பக்கத்தில் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரு சனி ஞாயிறில் எல்லாம் சேர்ந்து வரும். சனி காலை பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அதே பூங்காவில், அதே நேரத்தில் பறவைக் கணக்கெடுப்பு. ஓடுகிறவர்கள் பறவைகளை விரட்டிவிடுவார்கள் என்று கணக்கெடுப்பவர்களுக்குக் கவலை. பாதை நடுவே அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறவர்கள் மேல் மோதிவிடுவோமோ என்று ஓடுகிறவர்களுக்குக் கவலை. முற்பகலில் தெருச் சுத்தம், பிற்பகலில் பழுதுபார்க்கும் சந்திப்பு. ஞாயிறு காலை இரத்ததான முகாம், மாலையில் குடியிருப்போர் கூட்டம். ஆறுக்கும் போக உடம்பு இடம் கொடுக்காது. தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

எத்தனை பேர் வருவார்கள், ஒலிபெருக்கி உண்டா என்பதை வைத்து நான் தேர்ந்தெடுப்பதில்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: போய்விட்டுத் திரும்பும்போது, அதுவரை பெயர் தெரியாத ஒருவரோடு பேசிவிட்டு வந்திருப்பேனா?

இந்த அளவுகோலில் ஓட்டம் நடுத்தரம். ஓடும்போது யாராலும் பேச முடியாது. மூச்சு விடுவதே பெரும்பாடு. பேச்செல்லாம் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகுதான், அதுவும் முழங்காலைப் பற்றித்தான். ஆனாலும் இதற்குள் ஒரு நல்ல மனம் இருக்கிறது. இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன், 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது. தொடங்கிய பால் சின்டன்-ஹியூயிட் அப்போது காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தவர். ஓட முடியாவிட்டால் என்ன, நண்பர்களை வாராவாரம் பார்க்க ஒரு காரணம் வேண்டும் என்று அவர் ஏற்படுத்திக்கொண்ட ஓட்டம் அது. கடைசியாக வந்துவிடுவோமோ என்று கூச்சப்படுகிறவர்களுக்காக அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்தே வருவார். ஆகவே கடைசி இடம் வாராவாரம் அவருக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. வேறு யாரும் அதற்குப் போட்டியிட முடியாது!

பறவைக் கணக்கெடுப்பு இதற்கு நேர் எதிர். ஓட்டத்தில் மூச்சு வாங்குவதால் பேச முடியாது. இங்கே பேசவே கூடாது. பேச வேண்டியதைக் கண்ணாலும் விரலாலும் பேச வேண்டும். கிளையில் இருப்பதைப் பத்துப் பேர் பார்த்தால் மூன்று பெயர்கள் வரும். அது பறந்து போன பிறகுதான் விவாதம் சூடு பிடிக்கும். "இந்தக் காகத்தை ஏற்கெனவே எண்ணிவிட்டோமே" என்ற தகராறு இல்லாத கணக்கெடுப்பை நான் பார்த்ததில்லை. ஓரிடத்தில் நின்று எண்ணுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டனவோ அதையே எழுதுவது. போய்ப் போய் வரும் ஒரே காகம் இருபதாகப் பெருகாது.

இந்த வழக்கத்தின் பிறப்பும் எனக்குப் பிடித்தமானது. கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, யார் பறவைகளை அதிகமாகச் சுடுகிறார்கள் என்று அமெரிக்காவில் போட்டி நடத்தி வந்த காலம் அது. சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். 1900-ல் 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். போட்டி மனப்பான்மை போகவில்லை, துப்பாக்கி மட்டும் போயிற்று. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பில் சேர இன்று 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஓட்டத்தைவிட இதுவே மேல். அதிகம் பார்ப்பதும் அவர்கள்தான், அதிகம் கத்துவதும் அவர்கள்தான்.

தெருச் சுத்தத்தில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. குப்பையைக் கிளறும் இருவர் அந்நியர்களாக நீடிக்கவே முடியாது. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்ததும் தொடங்கிவிடும்: ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்? எஸ்டோனியாவில் 2008 மே 3 அன்று சுமார் 50,000 பேர் ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 டன் குப்பையை அகற்றினார்கள். உலகத் தூய்மை நாளுக்கு வித்து அதுதான். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். கையுறை போட்டுப் படமெடுத்துக்கொண்டு பத்தாவது நிமிடம் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன பையையும் நிரப்புவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான்.

இனி, நான் மற்ற எதற்காகவும் விட்டுக்கொடுக்காத பழுதுபார்க்கும் சந்திப்பு. 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாமில் மார்டீனே போஸ்ட்மா முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். இன்று உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை நடக்கின்றன. கெட்டுப்போன பொருளைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்ளும் கடை அல்ல இது. கொண்டுவந்தவர் கூடவே உட்கார வேண்டும், திருகாணியைப் பிடிக்க வேண்டும், விளக்கைக் காட்ட வேண்டும். முழுச் சிறப்பும் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் சுற்றாத மின்விசிறியோடு ஒருவர், அந்தப் பக்கம் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரோடு ஒருவர். இருவரும் பேசாமல் இருக்க வழியே கிடையாது.

அங்கே வரும் பொருள்களைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வரலாறே தெரியும். பாட்டி காலத்து வானொலி, யாரும் தூக்கிப் போட மனமில்லாத மேசை விளக்கு, ஜிப் போன பள்ளிப் பை. பல நேரங்களில் நோய் மிகச் சிறியது: பிளக்குக்குள் விட்டுப்போன ஒயர், எரிந்துபோன ஃப்யூஸ், தேய்ந்த கார்பன் பிரஷ், காற்றுப் போகும் வழியை அடைத்த தூசி. "எப்போதிலிருந்து இப்படி?" என்று மருத்துவர் போலக் கேள்வி வரும். "அது தானாகவே விழுந்தது" என்று பெற்றோர் போலப் பதில் வரும். நின்று போயிருந்த விசிறி மறுபடி சுற்றும்போது, பக்கத்து மேசைக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை வேறெங்கும் நான் கேட்டதில்லை. சரியாகாத பொருளும் உண்டு. அப்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த திருப்தியோடு போகலாம்.

இரத்ததானத்தை என் அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. நாம் உதவும் அந்நியரை நாம் சந்திக்கவே போவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். தகுதியும் உடல்நலமும் இருந்தால் இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நேரம் வைப்பதில்தான் கவனம் வேண்டும்: கொடுத்த அன்று ஓட்டமும் கூடாது, குப்பை மூட்டை தூக்கும் வேலையும் கூடாது. முகாம் ஞாயிறில் வந்தது நல்லதாகப் போயிற்று. சனியன்று வந்திருந்தால் ஓட்டத்தைத்தான் விடச் சொல்வேன்.

மிஞ்சியது குடியிருப்போர் கூட்டம். பேச்சு இங்கேதான் அதிகம். ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லோரும் தலைவரோடு பேசுகிறார்கள். "ஒரே ஒரு நிமிடம்" என்று எழுகிறவரின் நிமிடத்துக்கு அறுபது விநாடிக் கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் தொடங்கும் பேச்சு வாகன நிறுத்தத்துக்கு வந்துவிடும். வாகன நிறுத்தத்தில் தொடங்கினாலும் அங்கேயேதான் நிற்கும். இது இன்று நேற்று வந்த தொல்லையும் அல்ல. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை 1863-ல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. அந்த அனுபவம் துரத்த, 1876-ல் கூட்ட விதிகளை அவர் ஒரு நூலாகவே வெளியிட்டார். பேசாதவர்கள் பேச விரும்பி இருக்கும்போது ஒருவர் அதே பொருளில் இரண்டாம் முறை எழக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இந்த ஒரே விதியைக் கூட்டத் தொடக்கத்தில் படித்துவிட்டால் பாதி நேரம் மிச்சமாகும். கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். தெருவிளக்கு எரிவதும் எரியாததும் அங்கேதான் முடிவாகிறது.

ஆகவே என் வரிசை இது: பழுதுபார்க்கும் சந்திப்பு கட்டாயம். இரத்ததானமும் அப்படியே. சனி காலைக்குப் பறவைகள், முற்பகலில் ஒரு மணி நேரமாவது தெரு. ஓட்டம் அடுத்த வாரமும் வரும். கூட்டத்துக்கு மாலையில் போய் முன்வரிசையில் உட்காரலாம்.

பரணில் கிடக்கும் அந்த மின்விசிறியை வெள்ளி இரவே இறக்கித் துடைத்து வையுங்கள். கழன்று விழுந்த திருகாணிகள் ஒரு டப்பாவில் இருக்கும், அதையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.