சீசியமா, பொட்டாசியமா, துத்தநாகமா? ஒளிமின் விளைவுக்கு எந்த உலோகம் எதற்கு?

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவதுதான் ஒளிமின் விளைவு. அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்தான் வெளியேற்று ஆற்றல். அந்த அட்டவணையைப் பார்த்ததும் எல்லாரும் சீசியம்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2.1 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான் வெளியே வந்துவிடும், பிளாட்டினத்துக்கோ 5.6 வேண்டும். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. எலக்ட்ரானை எதற்காக வெளியே எடுக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு எளிது. 1240-ஐ வெளியேற்று ஆற்றலால் வகுத்தால் பயன்தொடக்க அலைநீளம், அதாவது எலக்ட்ரானை வெளியேற்றக்கூடிய மிக நீண்ட அலைநீளம், நானோமீட்டரில் வரும். சீசியத்துக்குச் சுமார் 580, மஞ்சள் ஒளியே போதும். பொட்டாசியத்துக்கு 540, பச்சை. துத்தநாகத்துக்கு 290, பிளாட்டினத்துக்கு 220, இரண்டுமே புற ஊதா. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டியை இந்த நாலில் எதன் மேல் எவ்வளவு நேரம் காட்டினாலும் ஒன்றும் நடக்காது.

சரி, விளைவைக் கண்ணால் பார்க்க எது? துத்தநாகம், போட்டியே இல்லை. காற்றில் வைத்தே செய்யலாம். சீசியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் காற்றுப் பட்டதுமே வினைபுரியத் தொடங்கிவிடும். 1888-இல் இந்த விளைவை ஆராய்ந்த இயற்பியலாளர் ஹால்வாக்ஸ் எடுத்துக்கொண்டதும் துத்தநாகத் தகடுதான். தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, தங்க இலை மின்காட்டியின் (மின்னூட்டம் இருந்தால் இலை விரியும் கருவி) மேல் வைத்து எதிர்மின்னூட்டம் கொடுத்தால் இலை விரிந்து நிற்கும், 254 நானோமீட்டர் பாதரச விளக்கைக் காட்டியதும் இறங்க ஆரம்பிக்கும், நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். கண்ணாடியை எடுத்தால் மறுபடி இறங்கும். நேர்மின்னூட்டம் கொடுத்திருந்தால் இலை இறங்காது, ஏனென்றால் வெளியே வரும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்கிறது. பலர் சறுக்குவது விளக்கில்தான். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் 365 அல்லது 395 நானோமீட்டர், அதாவது 3.4 அல்லது 3.1 எலக்ட்ரான் வோல்ட். துத்தநாகத்துக்கு அட்டவணைகள் 3.6 முதல் 4.3 வரை சொல்கின்றன, குறைந்த எண்ணை எடுத்தாலும் அந்த டார்ச் எட்டாது. 254 விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், காப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பிளாங்க் மாறிலியை (ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்) அளக்க வேண்டுமென்றால் துத்தநாகம் உதவாது, கண்ணுறு ஒளியிலேயே நாலைந்து நிறங்களுக்கு எலக்ட்ரான் வர வேண்டும். இயற்பியலாளர் மில்லிகன் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிச் சீவிப் புதுப் பரப்பில் அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது, அதுவும் ஒளி ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்ற ஐன்ஸ்டீனின் விளக்கத்தை நம்பாமல் தொடங்கிய வேலையில்! இங்கே நான் பொட்டாசியத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆய்வகக் குழாய்கள் பலவற்றில் அதுதான் கேத்தோடு, அதாவது ஒளி பட்டு எலக்ட்ரானை விடும் மின்வாய். ஆனால் அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை (எலக்ட்ரான் ஓட்டத்தை முழுக்க நிறுத்தும் எதிர் மின்னழுத்தம்) வரைந்தால், எந்த உலோகமானாலும் வரைபடத்தின் சாய்வு ஒன்றுதான், பிளாங்க் மாறிலி வருவதும் அதிலிருந்துதான். வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்) மாறுமே என்பீர்கள். உண்மையில் தொடுகை மின்னழுத்தத்தையும் (இரு வேறு உலோகங்களை இணைத்தாலே அவற்றுக்கிடையே வரும் மின்னழுத்தம்) சேர்த்துப் பார்த்தால் நிறுத்து மின்னழுத்தத்தில் வருவது ஆனோடின் (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் மின்வாய்) வெளியேற்று ஆற்றல், கேத்தோடினுடையது இல்லை. வெட்டுத்துண்டைப் பார்த்துக் கேத்தோடு எந்த உலோகம் என்று சொல்லச் சொல்லும் செய்முறைக் கேள்விகள் இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. வளைய வடிவில் இருக்கும் அந்த ஆனோடுக்கு உகந்தது பிளாட்டினம், சிதறிய ஒளி பட்டாலும் எலக்ட்ரானை விடாது. கேத்தோடிலிருந்து பொட்டாசியம் ஆவியாகி அந்த வளையத்தில் படிந்தால் மட்டும் எதிர்த்திசை மின்னோட்டம் வரும், அப்போது வளையத்தைச் சூடாக்கி அதை விரட்ட வேண்டும்.

மங்கலான ஒளியைக் கண்டறியத்தான் சீசியம். ஆனால் தனியாக இல்லை. தூய உலோகம் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே கிளம்பிய எலக்ட்ரானும் மற்ற எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றலை இழந்துவிடும், அதனால் ஆயிரம் ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) ஒரு எலக்ட்ரான் கிடைப்பதே அரிது. ஆன்டிமனியோடு சேர்த்தால் அது குறைகடத்தியாகி, அதன் வழிவந்த கேத்தோடுகளில் நாலைந்து ஃபோட்டானுக்கு ஒன்று வருகிறது. வெளியேற்று ஆற்றல் 2.1 என்பதால் கிடைக்கும் அனுகூலத்தைவிட இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள். வெளியேற்று ஆற்றல் சிறியதாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அகச்சிவப்பு வரை உணரும் வெள்ளி-ஆக்சிஜன்-சீசியம் கேத்தோடு இருட்டிலேயே வெப்பத்தால் எலக்ட்ரான்களை விட்டுக்கொண்டிருக்கும், அதனால் அதைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் தாமிரம். அதன் வெளியேற்று ஆற்றல் 4.5-க்கு மேல், ஒரு லட்சம் ஃபோட்டானுக்குச் சில எலக்ட்ரான் தந்தாலே பெரிது. இருந்தாலும் ஸ்டான்ஃபோர்டின் எல்.சி.எல்.எஸ். எக்ஸ் கதிர் லேசருக்கு எலக்ட்ரான் கொடுக்கத் தாமிரக் கேத்தோடைத்தான் வைத்தார்கள். சீசியக் கூட்டுப் பரப்புகள் வெற்றிடம் கொஞ்சம் மோசமானாலே கெட்டுப்போகும், தாமிரம் தாங்கும். குறைவாக வரும் எலக்ட்ரானை இன்னும் வலுவான புற ஊதா லேசரை வைத்து ஈடுகட்டிவிடலாம்.