பல்லிக்கு விடுமுறை: தமிழில் தட்டச்சு செய்ய எந்த வழி?

"நாளை பல்லிக்கு விடுமுறை" என்று அக்காவுக்கு ஒருமுறை செய்தி அனுப்பிவிட்டேன். ஆங்கில எழுத்தில் அடித்ததைக் கைப்பேசி தன் விருப்பப்படி தமிழாக்கியது. "அப்படியானால் சுவரில் யார் இருப்பார்கள்?" என்று பதில் வந்தது.

ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறையிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று ஊகிக்கும், பள்ளியா பல்லியா, மனமா மணமா என்பதை அதுவே முடிவு செய்யும். மற்றொன்று விதிப்படி நடக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அந்த வகை. ஆங்கிலச் சிறிய எழுத்து 'எல்' அடித்தால் ல, பெரிய எழுத்து அடித்தால் ள. எங்கே எந்த எழுத்து வரும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியுமானால் அஞ்சலே மேல். ஆனாலும் 'அம்மா' என்று எழுத மனத்துக்குள் ஏ, எம், எம் என்று ஓட வேண்டியிருப்பது எனக்கு உறுத்தல்தான்.

தமிழ்99 அந்த உறுத்தலைப் போக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த விசையமைப்பு இது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளுக்குத்தான் விசை. 247 எழுத்தும் அவற்றிலிருந்தே பிறக்கும். அ, இ, உ மூன்றும் இடக்கை விரல்கள் இயல்பாக அமரும் நடு வரிசையில். க, ப, ம, த, ந, ய அதே வரிசையில் வலக்கைக்கு. புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடுவார். ப, ந, த, உ என்றால் பந்து. ந்–த, ம்–ப என்று இனமெழுத்துகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தது இங்கேதான் எனக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. ஒரே சங்கடம், 'மமதை' போன்ற சொல். இடையில் ஓர் அகரம் அடிக்காவிட்டால் 'ம்மதை' ஆகிவிடும். பழக எனக்குப் பத்து மாலைகள் பிடித்தன. முதல் மூன்று நாள் கணினியைத் தூக்கி எறியத் தோன்றியது.

தமிழ்99க்கு நான் மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பெரிய நிறுவனம் இலவசமாகத் தந்த ஊகக் கருவியை ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தேன். புதுக் கணினி வாங்கிய அன்று தேடினால், அதைத் தரவிறக்கும் பக்கமே இல்லை. தமிழ்99 எந்த நிறுவனத்தின் தயவிலும் இல்லை. விண்டோஸில் இருக்கிறது, 2013 முதல் ஐபோனில் அஞ்சலோடு சேர்ந்தே வருகிறது, கைப்பேசியில் தமிழ் அடிக்க உதவும் செல்லினம் செயலியிலும் உண்டு.

குரல்வழித் தட்டச்சைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2017இல் கூகுள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. எழுபதைக் கடந்த என் அப்பாவுக்கு அது வரப்பிரசாதம். தந்தி வாசகம் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வார். எனக்கு ஒத்துவரவில்லை. ஒற்று மிகும் இடங்களையும் நிறுத்தக்குறிகளையும் நான்தான் பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் அமர்ந்து, அதிலும் வீட்டுச் சண்டையை, உரக்கச் சொல்லி எழுதவும் முடியாது.

கணினியில் தமிழ்99ஐ விட்டு இனி நகர மாட்டேன். கைப்பேசியில் மட்டும் கட்டைவிரல்கள் பிடிவாதமாக அஞ்சலுக்கே போகின்றன. பத்து மாலைப் பயிற்சி அவற்றை எட்டவில்லை.