மூன்று வருடக் கணக்கைத் தப்பாகப் போட்ட சேவை மையம்: 5க்கு 2

நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் நிறையப் பேர் போய்வரும் இடம் இது. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பார்கள், வரிக் கணக்கு போடுவார்கள், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் எடுக்கும் ஓசிஐ அட்டை வேலை செய்வார்கள், அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவமும் நிரப்பிக் கொடுப்பார்கள். பெயரைப் போடவில்லை. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்னை ஏமாற்றவும் இல்லை. ஆனால் அவர்கள் செய்த ஒரே ஒரு தப்பால் எனக்கு 725 டாலர் அரசுக் கட்டணம் போனது, அவர்களுக்குக் கொடுத்த 450 டாலரில் 250 போனது, கூடவே ஆறேழு மாதமும் போனது. அந்த மாதங்கள்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. கணவர் 2017லேயே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். மதுரையில் 2019 பிப்ரவரியில் கல்யாணம். ஐந்து வாரம் சேர்ந்திருந்தோம், அப்புறம் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். விசா வேலை நடந்துகொண்டிருந்தபோது கொரோனா வந்து எல்லாவற்றையும் இழுத்தடித்தது. நான் இங்கே வந்து இறங்கியது 2021 ஏப்ரல் 6. கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் எனக்கு நேராகப் பத்து வருடக் கிரீன் கார்டே, அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான அட்டையே, வந்தது. இரண்டு வருடத்துக்குள் வருகிறவர்களுக்கு முதலில் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான் தருவார்கள். அந்த இரண்டு வருடமும் குடியுரிமைக் கணக்கில் சேரும், வீணாகாது.

பொதுவாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆனால்தான் குடியுரிமைக்குப் போடலாம். குடிமகனின் மனைவிக்கோ குடிமகளின் கணவனுக்கோ அது மூன்று வருடம். இது குடியேற்றச் சட்டத்தின் 319ஆம் பிரிவு. எல்லோருக்கும் இந்த வரி தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்த மூன்று வருடம் என்பது ஒரே கணக்கு இல்லை, மூன்று தனித்தனிக் கணக்குகள். கார்டு வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். துணைவர் அந்த மூன்று வருடமும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் இருவரும் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், கல்யாணப் பதிவு மட்டும் போதாது.

மையத்தில் வரவேற்பு நன்றாக இருந்தது, காத்திருக்க வைக்கவில்லை, பேசிய அம்மா பொறுமையாகப் பேசினார். ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அந்தத் தாள் இப்போதும் கண்முன் நிற்கிறது. மேலே பெயர், முகவரி. அடுத்து கல்யாணத் தேதி. அதற்குக் கீழே கிரீன் கார்டில் உள்ள தேதி. கார்டில் 04/06/21 என்று இருப்பதை ஜூன் 4 என்று நம் ஊர் வழக்கப்படி படித்துவிடக் கூடாது, இங்கே மாதம்தான் முதலில் என்று அவரே எச்சரித்தார். அவ்வளவு கவனமானவர். பிறகு காலண்டரைத் திருப்பி, ஏப்ரல் 6லிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணி, 2024 ஜனவரி 7 ஞாயிற்றுக்கிழமை, அதனால் திங்கள் 8ஆம் தேதி அனுப்பிவிடலாம் என்றார். மூன்று வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பே போடலாம் என்பது உண்மைதான். நாள் கணக்கும் சரி. ஒரு நாள் முந்தினாலும் நிராகரித்துவிடுவார்கள் என்று விளக்கவும் செய்தார். எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் கேட்காத கேள்வி ஒன்றுதான்: “நீங்கள் இருவரும் எப்போதிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்?”

அந்த 90 நாள் சலுகை கிரீன் கார்டுக் கணக்குக்கு மட்டும்தான். சேர்ந்து வாழ்ந்த கணக்குக்கு அது கிடையாது. அந்த மூன்று வருடம் விண்ணப்பம் போடும் நாளன்றே முழுசாக முடிந்திருக்க வேண்டும். இங்கேயே சந்தித்து, இங்கேயே கல்யாணம் செய்து, கார்டு வருவதற்கு முன்பே ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, அவர்கள் தாராளமாக 90 நாள் முன்னால் போடலாம். ஆனால் என்னைப்போல ஊரில் தாலி கட்டி, விசாவுக்குக் காத்திருந்து, விமானம் இறங்கிய அன்றுதான் குடித்தனமே தொடங்கியவர்களுக்குக் கார்டுத் தேதியும் குடித்தனத் தேதியும் ஒன்றே. எங்களுக்கு அந்த 90 நாள் இல்லவே இல்லை. நம் வீடுகளில் எத்தனை கல்யாணங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நம் ஆட்களையே வாடிக்கையாளர்களாக வைத்திருக்கும் ஒரு மையம் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

நேர்காணல் 2024 ஜூலையில். அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய தேர்வுக் கேள்விகள் எல்லாம் சுலபமாகப் போயின, முதல் ஆறும் சரியாகச் சொன்னதால் ஏழாவது கேட்கவே இல்லை. ஒரு வாக்கியம் படித்தேன், ஒன்று எழுதினேன். அதிகாரி சிரித்த முகமாக வாடகை ஒப்பந்தத்தையும் வரித் தாள்களையும் புரட்டிக்கொண்டே, எப்போதிலிருந்து கணவரோடு வசிக்கிறீர்கள் என்று கேட்டார். ஏப்ரல் 2021, நான் வந்த நாளிலிருந்து, என்று பெருமையாகச் சொன்னேன். அவருடைய பேனா நின்றது. விண்ணப்பத் தேதியைப் பார்த்தார், திரும்பக் கேட்டார், அதற்கு முன் இந்தியாவிலோ இங்கேயோ சேர்ந்து வாழ்ந்தீர்களா என்றார். ஐந்து வாரம் என்றேன். இரண்டு வருடம் ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். நேர்காணல் நாளுக்குள் மூன்று வருடம் தாண்டியிருந்தும் பயனில்லை, போட்ட நாள்தான் கணக்கு. இரண்டு வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதிகாரி மேல் எனக்கு வருத்தம் இல்லை, சட்டம் அப்படி.

மையத்துக்குப் போய்க் கேட்டேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள்: நாங்கள் வழக்கறிஞர்கள் அல்ல, நீங்கள் தரும் தகவலைத்தான் நிரப்புகிறோம். அது உண்மைதான், இந்த நாட்டில் வழக்கறிஞரோ அமெரிக்க நீதி அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதியோ தவிர வேறு யாரும் குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. சரி, அப்படியென்றால் எந்த நாளில் போடலாம் என்று காலண்டரைத் திருப்பி எண்ணிச் சொன்னது என்ன? அது ஆலோசனை இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. நான் கொடுத்த 450ல் 200 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார், அப்பா போய் நான்கு வருடமாகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோரை இங்கே வரவழைக்க மனுப் போட முடியாது, குடியுரிமை வாங்கி 21 வயதும் ஆனவர்தான் போட முடியும். அதனால்தான் ஒவ்வொரு வாரத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நிராகரிப்பை அம்மாவிடம் போனில் சொன்ன இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது முறை நானே போட்டேன், ஆகஸ்டில், குடியேற்ற அலுவலகமான யூஎஸ்சிஐஎஸ்ஸின் இணையதளத்தில் சொந்தக் கணக்கு திறந்து. இரண்டு சாயங்காலம் ஆனது, அவ்வளவுதான். 2024 ஏப்ரலிலிருந்து இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் குறைவான குடும்பங்களுக்கு 380 டாலர் சலுகைக் கட்டணமும் உண்டு, அதை அந்த மையத்தில் யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. கணவரின் பாஸ்போர்ட், மூன்று வருடக் கூட்டு வரிக் கணக்கு, இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். வெளிநாட்டுப் பயணங்களைப் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து நாள் வாரியாக எழுதினேன். மூன்று வருடத்தில் குறைந்தது 18 மாதம் உடலளவில் இங்கே இருந்திருக்க வேண்டும், ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அம்மா வீட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் மாநிலத்தில் மூன்று மாதம் வசித்திருக்கவும் வேண்டும்.

2025 ஜனவரியில் நேர்காணல், பிப்ரவரியில் குடியுரிமை உறுதிமொழி. எனக்குப் பழைய தேர்வுதான், 100 கேள்விகளிலிருந்து பத்து, ஆறு சரியானால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து இருபது, பன்னிரண்டு சரியாக வேண்டும். அதற்குத் தக்கபடி படியுங்கள். உறுதிமொழி எடுக்கும் நாள் வரைக்கும் அந்தக் கல்யாணம் நீடிக்க வேண்டும், நடுவில் விவாகரத்து ஆனால் இந்த மூன்று வருட வழி மூடிவிடும், ஐந்து வருட வழிதான். துணைவரின் கொடுமையால் பாதிக்கப்பட்டு அந்த அடிப்படையில் கார்டு வாங்கியவர்களுக்குச் சட்டத்திலேயே தனி விலக்கு இருக்கிறது, அப்படி யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து நல்ல வழக்கறிஞரிடம் போங்கள், இந்த மாதிரி மையங்களுக்குப் போகாதீர்கள்.

இரண்டு ஸ்டார் ஏன் என்றால், என் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைக்கும் சரண்டர் வேலையும் ஓசிஐயும் பிறகு வேறு இடத்தில் செய்தேன், ஆனால் என் நாத்தனாருடைய ஓசிஐயை இவர்கள் ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தார்கள். போட்டோ, ஓசிஐ மாதிரி வேலைகளுக்குப் போகலாம். என்-400க்கு வேண்டாம். குறிப்பாக, கணவருக்கு உறுதிமொழி ஆகியே மூன்று வருடம் ஆகாதவர்கள் அங்கே போகவே வேண்டாம். என் தோழி ஒருத்தி கார்டு வாங்கி நாலு வருடமாகிவிட்டது என்ற தைரியத்தில் போட இருந்தாள், அவள் கணவர் குடிமகனாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு ஐந்து வருட வழிதான் முதலில் வரும், நல்லவேளை என்னிடம் கேட்டாள்.

அம்மாவுக்கான மனுவை 2025 மார்ச்சில் போட்டுவிட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் புதிதாக வந்த ஒரு பெண் அந்த மையத்துக்குப் போனாள். அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கல்யாணத் தேதி இருக்கிறது, கார்டுத் தேதி இருக்கிறது. மூன்றாவது தேதிக்கு இன்னும் இடம் இல்லை. அவளை ஓரத்தில் கையாலேயே எழுதச் சொன்னேன், ஒரே வீட்டில் வசிக்கத் தொடங்கிய நாளை.