ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் கதவைத் தட்டும் ரூஃபர்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்திருந்தால், "கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று யாராவது ஒரு ரூஃபர், அதாவது கூரை போடும் கான்ட்ராக்டர், இந்நேரம் கதவைத் தட்டியிருப்பார். இல்லையென்றால் நாளைக்குள் தட்டுவார். அவர்கள் நீட்டும் முதல் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பரிசோதனைக்கான அனுமதி மட்டும்தான் என்று சொன்னாலும் போடாதீர்கள். எங்களுக்கு நேர்ந்த தொல்லைகள் எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் தொடங்கின.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கம்பெனிப் பெயர் பொறித்த சட்டை, கையில் டேப்லெட், வண்டி மேல் ஏணி. பக்கத்துத் தெருவில் வேலை நடக்கிறது, அப்படியே உங்கள் கூரையையும் பார்த்துவிடுகிறேன் என்றார். ஏணி வைக்கச் சம்மதம் வேண்டும் என்று டேப்லெட்டை நீட்டினார். திரையில் தெரிந்தது சம்மத வாசகம் மட்டும். பிறகு மின்னஞ்சலில் வந்த பிரதியில் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் நிறைய இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளைமை ஏற்றுக்கொண்டால் வேலை முழுவதையும் இவர்களுக்கே தர வேண்டும். வேறு ஆளுக்குக் கொடுத்தால், ஒப்புக்கொண்ட தொகையில் 25 சதவீதத்தை இவர்களுக்குக் கட்ட வேண்டும்.

வாசலுக்கு வந்து விற்பவரிடம் போட்ட ஒப்பந்தத்தைச் சில நாட்களுக்குள் ரத்து செய்யப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவில் மத்திய விதிப்படி இது மூன்று வேலை நாட்கள். அதனால்தானோ என்னவோ, பிரதியை அவர் அனுப்பியதே அவகாசம் கடந்த பிறகுதான். பிரதி கைக்கு வராத வரை அவகாசம் ஓடத் தொடங்கவில்லை என்று வாதாடலாம் என எங்கள் வக்கீல் பின்னால் சொன்னார். ஆனால் அதற்குள் கூரை பிரிக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், பிரதி கிடைத்த அன்றே எழுத்தில், பதிவுத் தபாலில் ரத்து அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

இந்த ஆட்கள் எங்கிருந்து கிளம்பி வருகிறார்கள் என்பதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். 1999 ஏப்ரல் 14 அன்று சிட்னியிலும், 2020 ஜூன் 13 அன்று கால்கரியிலும் பெய்ததுபோல ஒரு பெரிய ஆலங்கட்டி மழை ஆயிரக்கணக்கான கூரைகளை ஒரே மாலையில் உடைத்துப் போட்டுவிடும். உள்ளூர் ரூஃபர்களிடம் பல மாதக் காத்திருப்பு உண்டாகும். அந்த இடைவெளியில்தான் மழையைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கூட்டம் நுழைகிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஊரை விட்டுப் போகிறவர் எழுதித்தரும் பத்து வருட வேலை உத்தரவாதத்தை யாரிடம் போய்க் காட்டுவீர்கள்?

இனி கூரைக்கு வருகிறேன். எங்களுடையது ஆஸ்பால்ட் ஷிங்கிள், அதாவது ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிய வரிசையாக அடிக்கும் தார்த் துண்டுகள். உள்ளே கண்ணாடி இழை விரிப்பு, அதன் மேல் தார், அதன் மேல் கல்துகள். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் துகள் உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். விரலால் அழுத்தினால் அடிபட்ட பழம் போல மெத்தென்று இருந்தால் உள்ளே விரிப்பு முறிந்திருக்கிறது. அன்றைக்கே ஒழுகாது. துகள் போன இடத்தில் வெயில் நேரடியாகத் தாரைக் காயவைக்க, சில வருடங்களில் அங்கே வெடிக்கும். கீழே நின்று பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் கீழே நிற்கிறார், கான்ட்ராக்டர் மேலே நிற்கிறார். மேலே என்ன இருக்கிறது என்பதற்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சி.

எங்கள் வீட்டில் அவர் மேலே இருந்த நேரம் ஒரு பரிசோதனைக்கு வேண்டியதை விட அதிகம். இறங்கி வந்து, நான்கு பக்கச் சரிவும் போய்விட்டது, முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்று போட்டோக்களைக் காட்டினார். பிறகு சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் வந்தார். அந்த அம்மா பொறுமையாக ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் இருக்கும் அடிகளை எண்ணினார். மேற்குப் பக்கத்திலும் தெற்குப் பக்கத்திலும் ஷிங்கிளில் அடி இருந்தது. அங்கேயே இருக்கும் காற்றுப்போக்கித் தகரங்களிலும் மழைநீர்க் கட்டரிலும் அதற்கு இணையான நெளிசல் இருந்தது. கிழக்குச் சரிவில் ஷிங்கிளில் மட்டும் அடி, தகரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த அடிகள் எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஷிங்கிளின் நடுவில், துகள் உதிராமல் தாருக்குள் நசுங்கிப் புதைந்திருந்தது. இது ஆலங்கட்டி இல்லை, சுத்தியல் என்றார். வானத்திலிருந்து விழுவது பெரிதும் சிறிதுமாகத்தான் விழும், ஷிங்கிளைப் பார்த்து அடித்துவிட்டுத் தகரத்தை விட்டுவைக்காது என்று அவர் விளக்கியபோது எனக்கு உடம்பு நடுங்கியது. ஏனென்றால் கிளைம் என் பெயரில் இருக்கிறது. பொய்ச் சேதம் காட்டியதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பாலிசிதாரர்.

எங்களைக் காப்பாற்றியது ஒன்றுதான். மழை நின்ற அன்று மாலையே, தரையிலிருந்தும் மாடி ஜன்னலிலிருந்தும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தோம். ஜன்னலிலிருந்து எடுத்த படத்தில் கிழக்குச் சரிவு பழுதில்லாமல் தெரிந்தது. தேதியோடு இருந்த அந்தப் படங்களை அட்ஜஸ்டரிடம் கொடுத்தோம். மேற்கும் தெற்கும் மட்டும் ஏற்கப்பட்டன. யாரையும் ஏணியில் ஏறவிடும் முன் உங்கள் கையில் உங்கள் படங்கள் இருக்கட்டும். தரையில் கிடக்கும் ஆலங்கட்டிகளை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுங்கள். அமெரிக்க வானிலைச் சேவை 2010 முதல் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், விட்டமுள்ள ஆலங்கட்டியைத்தான் கடுமையானது என்று கணக்கில் எடுக்கிறது. விழுந்தது கடலை அளவுதான் என்றால், கூரை முழுவதும் போயிற்று என்பவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு அதுவே போதும்.

ஒப்பந்தத்தை முறிக்கக் கேட்டோம். 25 சதவீதத்தைக் காட்டினார்கள். அந்தத் தொகையைக் கட்டினால் மீதியில் கூரை போட முடியாது. வேலை அவர்களிடமே போனது.

அடுத்து டிடக்டிபிள். அதாவது, கிளைமில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. அதை நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். இதைப் பெரிய சலுகையாக நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பணம் இரண்டு வழியில்தான் வர முடியும். ஒன்று, இன்ஷூரன்ஸுக்குப் பொய்யாகக் கூட்டிய பில் போக வேண்டும். இல்லையென்றால் உங்கள் கூரையில் போட வேண்டிய பொருளில் குறைக்க வேண்டும். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் கான்ட்ராக்டர் இப்படி டிடக்டிபிளைத் தள்ளிவிடுவது சட்டப்படியே குற்றம். நாங்கள் மறுத்து, எங்கள் பங்கைச் செக்காகவே கொடுத்தோம். பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதற்கு ஆதாரம் கேட்டபோது பாங்க் பதிவு இருந்தது.

வேலை ஒரே நாளில் முடிந்தது. விடிவதற்குள் ஆட்கள் வந்தார்கள், மாலையில் தெரு பெருக்கிப் போனார்கள். கூரை புதிதாக, அழகாக இருந்தது. முதல் நல்ல மழையில் மாடிச் சுவரும் கீழ்க்கூரையும் சேரும் மூலையில் உட்கூரையில் மஞ்சள் கறை விழுந்தது. போன் செய்தால் எடுப்பார்கள், ஆள் வருகிறார் என்பார்கள், வரமாட்டார்கள். பிறகு போனும் எடுக்கவில்லை.

வேறொரு ரூஃபரைக் கூப்பிட்டோம். முப்பது வருடமாக இதே ஊரில் தொழில் செய்கிறவர். மூலையில் சில ஷிங்கிளைத் தூக்கிக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். நான் அன்று கற்றதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்றின் கணக்கு முழுவதும் மூடி மறைந்துபோகும் இந்த அடுக்குகளில்தான் இருக்கிறது.

சுவரோரம் படிப்படியாகச் செருக வேண்டிய ஃபிளாஷிங் தகடு புதிதாகப் போட்டதாகப் பில்லில் இருந்தது. உள்ளே இருந்தது பழைய, துருப்பிடித்த தகடு, மேலே சிலிகான் பூச்சு. சிலிகான் வெயிலில் சுருங்கியதும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் ஒட்டும் நீர்த்தடுப்பு விரிப்பு இருக்க வேண்டும், பில்லிலும் உண்டு, கூரையில் இல்லை. ஓரத்தில் முதல் வரிசைக்கு அடியில் போகும் ஸ்டார்ட்டர் துண்டும் இல்லை. அது இல்லாவிட்டால் காற்று முதல் வரிசையைத் தூக்கிவிடும்.

ஆணிகளைப் பார்த்தபோது அவரே தலையில் கை வைத்தார். ஷிங்கிளில் ஆணி அடிக்க ஒரு கோடு குறித்திருப்பார்கள். அந்தக் கோட்டில் அடித்தால் ஆணி கீழே இருக்கும் ஷிங்கிளின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு ஷிங்கிளுக்கு நான்கு ஆணி, பலத்த காற்று அடிக்கும் இடங்களில் ஆறு. எங்கள் கூரையில் ஆணி கோட்டுக்கு மேலே, சில இடத்தில் மூன்றுதான். நெயில் கன்னில் காற்றழுத்தம் கூடுதலாக வைத்து அவசரமாக அடித்ததால் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பொருளுக்குத்தான். சொன்ன முறைப்படி அடிக்காவிட்டால் அதுவும் செல்லாது.

அவர் கடைசியாகக் கேட்டது, போட்ட ஷிங்கிளின் மேலுறை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. கராஜ் ஓரத்தில் ஒரு கிழிந்த உறை கிடந்தது. எங்களிடம் பேசியது நான்காம் வகுப்பு ஷிங்கிள், ஆலங்கட்டிக்குத் தாங்கும் உயர்ந்த வகை. யூஎல் 2218 என்ற சோதனையில் இரண்டு அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் பிளக்காமல் இருந்தால்தான் அந்த வகுப்பு கிடைக்கும். உறையில் அந்த அடையாளமே இல்லை, சாதாரண ரகம். ஒப்பந்தத்தில் "உயர்தர ஆலங்கட்டித் தாங்கு ஷிங்கிள்" என்றுதான் எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளர் பெயர், ரகத்தின் பெயர், சோதனை வகுப்பு மூன்றும் எழுதப்படாத ஒப்பந்தத்தில் எதையும் கேட்டு வாங்க முடியாது. பொருள் வந்து இறங்கும்போதே உறையைப் படம் எடுத்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் ஷிங்கிள் விற்ற டெப்போவிலிருந்து கடிதம் வந்தது. கான்ட்ராக்டர் எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு டெப்போவுக்குக் கட்டவில்லை. பாக்கிக்காக எங்கள் வீட்டின் மேல் லைன், அதாவது சொத்தின் மேல் உரிமைக்கோரிக்கை, பதியப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கேட்கும் இந்தக் கடிதத்தைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. டெப்போக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் ஏமாந்தவர்கள்தான். எங்கள் பாலிசியில் தேய்மானத்தைக் கழித்த தொகை முதலில் வரும், மீதி இறுதி பில்லுக்குப் பிறகு வரும். அந்த மீதியைக் கான்ட்ராக்டரிடம் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. வக்கீல் மூலம் பேசி அதிலிருந்து டெப்போ பாக்கியைத் தீர்த்து, லைன் விடுவிப்புக் கடிதம் வாங்கினோம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்திருந்தால் இதற்கு வழியே இருந்திருக்காது. அதனால் பொருள் வந்து இறங்கும் முன் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடைசித் தவணைக்கு முன் கான்ட்ராக்டரிடமிருந்தும் டெப்போவிடமிருந்தும் லைன் விடுவிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது ரூஃபரை ஒப்பந்தம் செய்தபோது நாங்கள் கேட்டவை அதிகமில்லை. தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சான்றிதழை அவர் கையால் வாங்காமல், அவருடைய ஏஜெண்டிடமிருந்து நேராக வரவழைத்தோம். அவர் ஆள் நம் கூரையிலிருந்து விழுந்தால் அந்தச் செலவு நம் தலையில் விழாமலிருக்க இது அவசியம். ஐந்து வருடத்துக்கு முன் அவர் போட்ட கூரை ஒன்றின் விலாசம் கேட்டு, அந்த வீட்டுக்காரரிடம் பேசினோம். போன மாதம் போட்ட கூரையைப் பார்த்துப் பயனில்லை, அது யார் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். இற்றுப்போன பலகையை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு பலகைக்கு என்ன விலை என்பதை முன்னமே எழுதிக்கொண்டோம். பிரித்த பிறகு விலை பேசினால் வானம் பார்த்த வீட்டோடு நாம் பேரம் பேச முடியாது. கிளைமை அவர் பெயருக்கு மாற்றித் தரும் எந்தக் காகிதமும் கிடையாது என்றும் சொன்னோம். எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. பலகை, விரிப்பு, ஃபிளாஷிங் என்று ஒவ்வோர் அடுக்கையும் மூடும் முன் போட்டோ எடுத்து அனுப்பினார்.

அவசரம் என்று யார் சொன்னாலும், உடைந்த இடத்தில் தார்ப்பாய் போட்டு இறுக்கினால் சரியான ஆள் கிடைக்கும் வரை கூரை தாங்கும். மேலும் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதைப் பாலிசிகளே எதிர்பார்க்கின்றன, அந்தத் தார்ப்பாய்ச் செலவையும் பெரும்பாலும் கிளைமில் சேர்க்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். "இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

முதல் கான்ட்ராக்டர் மேல் நுகர்வோர் புகாரும், சுத்தியல் அடிகளைப் பற்றி இன்ஷூரன்ஸ் மோசடிப் பிரிவில் தனிப் புகாரும் கொடுத்திருக்கிறோம், இரண்டும் விசாரணையில் இருக்கின்றன. உங்கள் கூரை ஏற்கனவே இப்படி யாராலோ மாற்றப்பட்டிருந்தால், அடுத்த மழைக்கு முன் ஒரு டார்ச்சோடு பரணில் ஏறி, சுவரோரங்களிலும் குழாய்கள் கூரையைத் துளைத்து வெளியேறும் இடங்களிலும் பலகையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். பலகையைத் துளைத்து வரும் ஆணி முனைகள் கோணல்மாணலாக, வரிசை தப்பித் தெரிந்தால், உத்தரவாதக் காலம் முடியும் முன் வேறொரு ரூஃபரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்கிவிடுங்கள்.