டிபி-லிங்க் 841என்: விலையைப் பார்க்கும் முன் அடியில் உள்ள 'வெர்' எண்ணைப் பாருங்கள்

ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வைஃபை ரௌட்டர் கேட்டால் கடைக்காரர் எடுத்து வைக்கும் முதல் சில பெட்டிகளில் டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஆர்841என் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், இணைய வயர் செருகும் 1 வான் போர்ட், வீட்டுச் சாதனங்களுக்கான 4 லேன் போர்ட், போர்ட் எல்லாமே 100 எம்பிபிஎஸ். சின்ன வீட்டுக்கு சிக்னல் போதும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பிளான் போட்டிருந்தால் மிச்ச வேகம் வீண். வேகம் பற்றி இவ்வளவுதான். பாதுகாப்பு பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது, அதைப் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

முதலில் தெரிய வேண்டியது, 841என் என்பது ஒரே ரௌட்டர் அல்ல. பெயரும் வடிவமும் மாறாமல் உள்ளே சிப்பை மாற்றி மாற்றிப் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. அடிப்பக்க ஸ்டிக்கரில் 'வெர்' என்று சிறியதாக இருக்கும் எண்தான் உங்களிடம் இருப்பது எது என்று சொல்லும். பெரும்பாலான பதிப்புகளில் மென்பொருள் சேமிக்கும் ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி. விலை குறைவதற்கும், சில ஆண்டுகளில் ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் நின்றுபோவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். புதிய லினக்ஸ் கெர்னலும் பாதுகாப்பு நூலகங்களும் அவ்வளவு இடத்தில் அடங்குவதில்லை. ரௌட்டர்களுக்கு மாற்று ஃபர்ம்வேர் தரும், தன்னார்வலர்கள் நடத்தும் ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே 4/32 அளவுள்ள சாதனங்களைக் கைவிட்டுவிட்டது. எனவே 'கம்பெனி கைவிட்டால் வேறு ஃபர்ம்வேர் போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனை இங்கே எடுபடாது.

அப்டேட் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதற்குப் பதிவான சாட்சியம் உண்டு. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, தாக்குதலுக்கு உண்மையில் பயன்பட்ட ஓட்டைகளை மட்டும் ஒரு பட்டியலில் சேர்க்கிறது. 2025 ஜூனில் 841என்னின் 8, 10ஆம் பதிப்புகளில் உள்ள ஓர் ஓட்டை அதில் ஏறியது. வைஃபை பெயர் போகும் இடத்தில் கட்டளையை நுழைத்து ரௌட்டரையே இயக்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் இன்னும் இரண்டு. ஒன்று சேமித்த கடவுச்சொல்லைக் கசியவிடுவது. மற்றது 9ஆம் பதிப்பின் பேரன்டல் கன்ட்ரோல் பக்கம் வழியாகக் கட்டளை ஓட்டுவது. முதலாவதில் கடவுச்சொல் கிடைத்தால் இரண்டாவதில் உள்ளே போகலாம். ஆதரவு முடிந்த சாதனமாக இருந்தும் 9ஆம் பதிப்புக்கு டிபி-லிங்க் 2024 நவம்பரில் திருத்தம் தயாரித்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பழைய பதிப்புகள் தாமாக அப்டேட் ஆவதில்லை. வீட்டுக்காரர் தேடிப் போய் இறக்கினால்தான் உண்டு. எத்தனை வீடுகளில் அது நடந்திருக்கும்?

இப்படித் தாக்குபவர்கள் கைப்பற்றிய ரௌட்டர்களைக் கொண்டு கட்டிய வலைக்கு குவாட்7 என்று பெயர். 7777 என்ற போர்ட்டைத் திறந்து வைப்பதால் வந்த பெயர். 2024 அக்டோபர் இறுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வின்படி, எந்த நேரத்திலும் சராசரியாக 8,000 சாதனங்கள் இதில் இயங்கின. அவற்றின் வழியாகத் தாக்குபவர்கள் பிற நிறுவனங்களின் கணக்குகளுக்குக் கடவுச்சொல் ஊகித்துப் பார்த்தார்கள். சுமார் 80 சதவீத நேரம், ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு முயற்சி. அவ்வளவு மெதுவாகப் போவதால் எந்த எச்சரிக்கையும் எழாது. வீட்டுக்காரருக்கு நெட் வழக்கம்போல ஓடும். வெளியே பதிவாவதோ அவருடைய ஐபி முகவரி.

'என் ரௌட்டர் வெளியிலிருந்து தெரியாதே' என்பார்கள். ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் அது பெரும்பாலும் உண்மைதான். ஆபரேட்டர் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்கிறார். இது பாதிக் காப்பு மட்டுமே. அதே கேபிள் ஆபரேட்டரின் வலையில் உள்ள இன்னொரு பாதிக்கப்பட்ட சாதனம் உங்களை எட்டக்கூடும். பிரவுசர் வழியாகவும் வரலாம். 2013ல் டிபி-லிங்க்கின் சில மாடல்களில் நடந்தது அதுதான்: மோசமான ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் போதும், உங்கள் பிரவுசரே ரௌட்டருக்கு 'அட்மின்/அட்மின்' என்று சொல்லி, தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிடும்.

ஸ்டிக்கரில் இன்னொரு பலவீனம் இருக்கிறது. ஆரம்ப வைஃபை கடவுச்சொல் வெறும் 8 இலக்க எண், மொத்தமே 10 கோடி வாய்ப்புகள். உங்கள் போன் வைஃபையில் இணையும் நொடியில் போகும் சிக்னலை யாராவது பதிவு செய்துவிட்டால், நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு சில நிமிடங்களில் அதைக் கண்டுபிடிக்கும். கடவுச்சொல் அடிக்காமல் இணைக்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸின் 'பின்' எண்ணும் பல பதிப்புகளில் அதேதான். அந்தப் 'பின்' எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சி போதும் என்பது 2011லேயே வெளியான சங்கதி. முதல் நாளே எண்ணும் எழுத்தும் கலந்து குறைந்தது 14 எழுத்துக்கு மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் இருக்கட்டும்.

மற்ற அமைப்புகளை 192.168.0.1 என்ற எண்ணை நேரடியாக அடித்தே திறங்கள். பழைய ஸ்டிக்கரில் உள்ள டிபிலிங்க்லாகின்.நெட் என்ற முகவரியை நிறுவனம் புதுப்பிக்காமல் விட்டு, அது வேறொருவர் கைக்குப் போனது 2016ல் தெரியவந்தது. உள்ளே ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் வசதி) முகவரி 0.0.0.0 என்றால் மூடியிருக்கிறது. 255.255.255.255 என்றால் ஊருக்கே திறந்திருக்கிறது. சாதனங்களுக்கு ஐபி முகவரி பகிரும் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் 0.0.0.0 ஆகவோ நீங்களே போட்ட எண்ணாகவோ இருக்க வேண்டும். அடையாளம் தெரியாத எண் நின்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து முதலிலிருந்து அமையுங்கள். சாதனங்கள் தாமாகவே ரௌட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி தேவையில்லை, அணையுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றும்போது லேன் கேபிளில் ஏற்றுங்கள், வைஃபையில் வேண்டாம். பதிப்பு எண்ணும் நாட்டுக் குறியீடும் பொருந்த வேண்டும். தவறினாலோ நடுவில் கரன்ட் போனாலோ ரௌட்டர் செத்துவிடும். இன்வெர்ட்டர் லைனில் போட்டுச் செய்வது நல்லது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் நினைவகத்தில் மட்டும் உள்ள தீநிரல் போய்விடும், ஓட்டை போகாது.

தீர்ப்பு: 8 முதல் 12 வரையிலான பதிப்புகளை, சென்னை ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தாலும் நேரடி இணைய இணைப்புக்கு வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் ஓய்வு கொடுங்கள். 13, 14ஆம் பதிப்புகள் கையில் இருந்து, இந்திய ஆதரவுப் பக்கத்தில் அண்மை ஃபர்ம்வேரும் இருந்தால், ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சிக்னல் நீட்டிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் 841என்னுக்கு 192.168.1.250 கொடுங்கள், அந்த எண் ஃபைபர் பெட்டி பகிரும் வரம்புக்குள் வரக்கூடாது. பிறகு புதிய முகவரியில் நுழைந்து டிஎச்சிபியை அணைத்து, வயரை லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் காலியாக இருக்கட்டும்.

புதிதாக வாங்குபவர்கள் இன்னும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சேர்த்து, புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3யும் தானியங்கி அப்டேட்டும் உள்ளதை எடுங்கள். அப்டேட் எதுவரை வரும் என்று இந்தியப் பெட்டியில் இல்லாவிட்டால், அதே மாடலின் பிரிட்டன் பக்கத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே அந்தக் காலத்தைச் சொல்வது சட்டப்படி கட்டாயம். பழையதைக் கழிக்கும்போது ரீசெட் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அழித்துவிட்டுக் கொடுங்கள்; பிராட்பேண்ட் யூசர்நேமும் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கின்றன.